சிபில் அடிபட்டவங்களுக்கு முதல் வீட்டு லோன்: அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

நம்ம ஊர்ல வீடு வாங்குற வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. மொதல்ல வீட்டப் பார்ப்பாங்க, பிடிச்சிருந்தா வாஸ்து பார்ப்பாங்க, வக்கீல்கிட்ட தாய் பத்திரத்தக் குடுத்து ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்ப்பாங்க, எல்லாம் சரின்னா ஒரு நல்ல நாள்ல அட்வான்ஸ் குடுத்து அக்ரிமென்ட் போட்டுருவாங்க, அதுக்கப்புறம்தான் பேங்க் படியே ஏறுவாங்க. அங்க மேனேஜர் பான் நம்பரத் தட்டிப் பார்த்துட்டு "உங்க சிபில் கம்மியா இருக்கே சார், எதாவது பழைய டியூ இருக்கா"ன்னு கேக்குறப்பதான் நிறைய பேருக்கு சிபில்னு ஒண்ணு, அதாவது கடன ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற ஸ்கோர், தன் பேர்லயும் ஓடிட்டு இருக்குங்கறதே தெரிய வருது.

இந்தக் கட்டுரைல நான் சொல்ல வர்றது இந்த வரிசைய மாத்தணும்னுதான். சிபில் ரிப்போர்ட்டப் பார்க்குறது கடைசி வேலை இல்ல, அதுதான் மொத வேலை, வீடு பார்க்கப் போறதுக்கு குறைஞ்சது ஆறு மாசம், முடிஞ்சா ஒரு வருஷம் முன்னாடி. ஏன்னா அக்ரிமென்ட்ல வழக்கமா மூணு மாசமோ ஆறு மாசமோதான் டைம் போடுவாங்க, அந்த டைமுக்குள்ள மீதிப் பணத்தக் குடுத்து கிரயம் பண்ணலன்னா அட்வான்ஸ் போயிரும்னு பயம், அந்தப் பயத்துல ஒரு பேங்க் இல்லன்னு சொன்னதும் அடுத்த பேங்க், அதுவும் இல்லன்னா அதுக்கடுத்ததுன்னு வரிசையா அப்ளை பண்ணுவாங்க. ஒவ்வொரு பேங்கும் ரிப்போர்ட்ட எடுக்கும்போது அதுல ஒரு என்கொயரி விழும், கொஞ்ச நாளுக்குள்ள நாலஞ்சு விழுந்துச்சுன்னா இவருக்கு எங்கயோ பண நெருக்கடின்னு அடுத்து பார்க்குறவங்க நினைப்பாங்க, ஸ்கோர் இன்னும் இறங்கும். கடைசில ஒரு ஏஜென்ட் வந்து "நான் பார்த்துக்குறேன்"னு சொல்லி பதிமூணு பதினாலு பெர்சன்ட்ல கையெழுத்து வாங்கிட்டுப் போவாரு. சிபில் கம்மியா இருக்குறதவிட இந்த அவசரம்தான் குடும்பத்துக்கு ரொம்ப செலவு வைக்குது.

சரி, இந்த சிபில்னா என்னன்னு கொஞ்சம் பார்த்துருவோம். 2000ல ஆரம்பிச்ச ஒரு தனியார் கம்பெனியோட பேரு அது, இப்ப ட்ரான்ஸ்யூனியன் சிபில். அது கவர்மென்ட் ஆபீஸ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்ல. 2005ல வந்த ஒரு சட்டப்படி ரிசர்வ் பேங்க் லைசென்ஸ் குடுத்து இந்தியால நாலு கம்பெனி இந்த வேலையப் பண்ணுது: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நம்ம வாங்குற ஒவ்வொரு கடனப் பத்தியும் பேங்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இந்த நாலு பேருக்கும் தகவல் அனுப்பியாகணும். முன்னாடி மாசத்துக்கு ஒரு தடவை அனுப்புனாங்க, 2025 ஜனவரில இருந்து பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைன்னு ரிசர்வ் பேங்க் மாத்திருச்சு. ஸ்கோர் 300ல இருந்து 900 வரைக்கும், 750க்கு மேல இருந்தா பொதுவா பேங்க் யோசிக்காம ஃபைல எடுக்கும், 700க்கு கீழ போகப்போக கேள்வி அதிகமாகும், 650க்கு கீழன்னா பெரிய பேங்குகள்ல கஷ்டம்தான்.

ஆனா எல்லாரும் அந்த நம்பரையே பார்த்துட்டு இருக்காங்க. லோன் சேங்ஷன் பண்றவர் நம்பரப் பார்த்துட்டு நேரா கீழ போவாரு, அங்க ஒவ்வொரு கடனுக்கும் கட்டம் கட்டமா ஒரு அட்டவணை இருக்கும், கடைசி 36 மாசத்துக்கு. ஒவ்வொரு கட்டத்துலயும் மாசம் வருஷம் போட்டு பக்கத்துல ஒரு எண் இருக்கும். 000ன்னு இருந்தா அந்த மாசம் டியூ சரியா கட்டியாச்சு. 030ன்னு இருந்தா முப்பது நாள் தள்ளிப் போயிருக்கு. 090 தாண்டுச்சுன்னா அந்தக் கடன் வராக்கடன் கணக்குக்குப் போயிருச்சுன்னு அர்த்தம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ்னு இருந்தா அந்த மாசம் பேங்க் தகவலே அனுப்பல. இப்ப ரெண்டு பேருக்கும் ஸ்கோர் 660ன்னு வெச்சுக்குவோம். ஒருத்தருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வேலை போய் நாலு மாசம் 030, 060ன்னு ஓடி அப்புறம் தொடர்ச்சியா 000 000 000ன்னு வந்துட்டு இருக்கு. இன்னொருத்தருக்கு பழசெல்லாம் சுத்தம், ஆனா கடைசி மூணு மாசம் 030. நம்பர் ஒண்ணுதான், ஆனா மொதல் ஆளுக்கு மேனேஜர்கிட்ட பேசுறதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு, கம்பெனி ஆளக் குறைச்ச லெட்டர், புது வேலையோட சம்பள ஸ்லிப் எல்லாம் காட்டி விளக்கலாம். ரெண்டாவது ஆளுக்கு இப்பவே பணம் இடிக்குதுன்னு பேங்க் முடிவு பண்ணிரும்.

நம்ம பக்கம் எதனால சிபில் அடிபடுதுன்னு பார்த்தா ஊதாரித்தனம்னு சொல்ற மாதிரி கேஸ் கம்மிதான். மொதல் காரணம் கல்விக்கடன். தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் நர்சிங்னு கல்விக்கடன் வாங்கிப் படிச்ச பசங்க ரொம்ப அதிகம், நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் எதுவும் கேக்க மாட்டாங்க, ஆனா அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பாங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் டியூ கட்ட வேண்டாம்னு விட்டுருப்பாங்க, அந்த நாலஞ்சு வருஷமும் வட்டி ஓடிட்டே இருக்கும், பையனுக்கு மொதல் வேலைல பத்தாயிரம் பதினஞ்சாயிரம் சம்பளம், கவர்மென்ட் தள்ளுபடி பண்ணிரும்னு யாரோ சொன்னத நம்பி கட்டாம விட்டுருப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு அதே பையன் நல்ல சம்பளத்துல இருந்து வீடு வாங்கப் போகும்போது அது அவன் ரிப்போர்ட்லயும் இருக்கும், அப்பா ரிப்போர்ட்லயும் இருக்கும். இருபது வயசுல குடும்பத்துல யாருக்கும் சரியா புரியாம போட்ட கையெழுத்துக்கு முப்பத்திரண்டு வயசுல பதில் சொல்ல வேண்டியிருக்குங்கறது எனக்கு உண்மையிலயே வருத்தமான விஷயம், கடன் குடுக்கும்போதே பேங்க் இத உக்கார வெச்சு விளக்கியிருக்கணும்.

ரெண்டாவது ஜாமீன். மச்சான் வண்டி எடுத்தாரு, கூட வேலை பார்க்குறவர் பர்சனல் லோன் போட்டாருன்னு கையெழுத்துப் போட்டது நம்ம ரிப்போர்ட்ல ஏறி உக்காந்திருக்கும், அவங்க கட்டலன்னா நமக்கும் அடி. மூணாவது நகைக்கடன், நகை பேங்க்ல இருக்கே, முடியலன்னா ஏலம் விட்டுக்கட்டும்னு விட்டுருவாங்க, ஆனா நகைக்கடனும் ரிப்போர்ட்ல வரும், டியூ தவறினது அதுலயும் பதிவாகும். மகளிர் குழு லோன் கூட இப்ப வருது. போன்ல அஞ்சு நிமிஷத்துல குடுக்குற ஆப் லோன், இப்ப வாங்கு அப்புறம் கட்டுன்னு வர்ற ஸ்கீம், எல்லாமே கணக்குல வரும், ரெண்டாயிரம் ரூபா பாக்கி வெச்சாலும் ரிப்போர்ட்ல அது ஒரு டீஃபால்ட்டுதான். யூஸ் பண்ணாம டிராயர்ல போட்ட கிரெடிட் கார்டுக்கு வருஷ சந்தா போட்டு, அதுக்கு லேட் ஃபீ போட்டு, வட்டி போட்டு ரைட் ஆஃப் (வராதுன்னு பேங்க் தன் கணக்குல எழுதிக்கிறது) வரைக்கும் போன கேஸும் நிறைய இருக்கு.

இப்ப ரொம்ப முக்கியமான ஒரு விஷயம், செட்டில்மென்ட். ஒரு லட்சம் பாக்கி இருக்கும், கலெக்ஷன் ஆளு போன் பண்ணி "நாப்பதாயிரம் ஒரே தடவைல கட்டிடுங்க, கணக்க முடிச்சிடுறோம்"னு சொல்லுவாரு. அறுபதாயிரம் மிச்சம்னு சந்தோஷமா கட்டிருவோம். அவர் சொன்னது பொய் இல்ல, கணக்கு முடிஞ்சிரும், ஆனா ரிப்போர்ட்ல அது க்ளோஸ்டுன்னு விழாது, செட்டில்டுன்னு விழும். முழுசா வாங்கல, பேங்க் நஷ்டத்துக்கு முடிச்சுக்கிட்டாங்கன்னு அடுத்த பேங்க் அதப் படிக்கும். அந்த மாதிரி சமரசமா முடிச்சவங்களுக்கு அதே பேங்க் மறுபடி கடன் குடுக்கணும்னா குறைஞ்சது 12 மாசம் ஆகணும்னு 2023 ஜூன்ல ரிசர்வ் பேங்க்கே சொல்லியிருக்கு, மத்த பேங்குகள் அதவிட அதிகமாவே யோசிப்பாங்க. ரைட் ஆஃப்னு இருந்தாலும் அப்படித்தான், ரைட் ஆஃப்னா தள்ளுபடின்னு நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிட்டு இருக்காங்க, அது பேங்கோட கணக்குப் புத்தகத்துக்காக பண்றது, நம்ம கடன் அப்படியேதான் இருக்கும்.

ஏற்கனவே செட்டில் பண்ணியிருந்தா வழி இல்லாம இல்ல. அந்த பேங்குக்கே போய் விட்டுக்குடுத்த மீதித் தொகை எவ்வளவுன்னு எழுத்துல கேட்டு, அதக் கட்டி, நோ டியூ சர்டிபிகேட் வாங்கி, ரிப்போர்ட்ல க்ளோஸ்டுன்னு மாத்தச் சொல்லணும். கடன இன்னொரு கம்பெனிக்கு வித்திருந்தாங்கன்னா அவங்ககிட்டதான் வாங்கணும், பேங்க்ல கேட்டா எந்தக் கம்பெனிக்குப் போச்சுன்னு சொல்லுவாங்க. வாய் வார்த்தையா "அப்டேட் ஆயிரும் சார்"னு சொன்னா விட்டுட்டு வராதீங்க, லெட்டர்பேடுல சீல் போட்டு வாங்குங்க, கணக்கு நம்பர் அதுல சரியா இருக்கான்னு பாருங்க. கிராமத்துல அப்பா அம்மா பேர்ல இருக்குற பழைய கடனுக்கு இத மொதல்ல பண்ணணும், ஏன்னா சம்பளம் பத்தலன்னு அப்பாவ கோ-அப்ளிகன்ட்டா சேர்க்கும்போது அவர் ரிப்போர்ட்டையும் பார்ப்பாங்க.

ரிப்போர்ட் எப்படி எடுக்குறதுன்னா, நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்ட ஃப்ரீயா குடுத்தாகணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு இருக்கு. அவங்கவங்க வெப்சைட்லயே எடுக்கலாம், காசு கட்ட வேண்டியதில்ல. நம்மளே நம்ம ரிப்போர்ட்ட எடுத்தா ஸ்கோர் குறையாது, அந்தப் பயமே வேண்டாம். நாலையும் எடுங்கன்னு சொல்லுவேன், ஒண்ணுல இல்லாத தப்பு இன்னொண்ணுல இருக்கும். அதே பேரு, அதே இனிஷியல்ல இன்னொருத்தர் கடன் நம்ம பேர்ல ஏறியிருக்குறது, அடைச்ச கடன் இன்னும் ஓடுறதா காட்டுறது, ஒரே கடன் ரெண்டு தடவை வர்றது எல்லாம் சாதாரணமா நடக்குது. நம்ம ஊர்ல இனிஷியல முன்னாடி போடுறதா பின்னாடி போடுறதா, அப்பா பேர முழுசா எழுதுறதான்னு ஒவ்வொரு ஆவணத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்குறதும் இதுக்கு ஒரு காரணம்.

தப்பு இருந்தா அந்த வெப்சைட்லயே டிஸ்ப்யூட் போடணும். 30 நாளுக்குள்ள சரி பண்ணலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபா நமக்கு நஷ்ட ஈடு தரணும்னு 2023 அக்டோபர்ல உத்தரவு போட்டு 2024 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு. கடன் குடுத்தவங்க திருத்தின தகவல ஸ்கோர் கம்பெனிக்கு அனுப்புறதுக்கு அந்த முப்பதுல 21 நாள், அவங்க லேட் பண்ணினா அவங்க தரணும், ஸ்கோர் கம்பெனி லேட் பண்ணினா அவங்க தரணும். அதுக்கும் மசியலன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (புகார விசாரிக்கிற அதிகாரி) ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், 2022 செப்டம்பர்ல இருந்து ஸ்கோர் கம்பெனிகளும் அதுக்குள்ள வந்தாச்சு, கட்டணம் எதுவும் இல்ல. "சிபில சரி பண்ணித் தரோம், பதினஞ்சாயிரம் குடுங்க"ன்னு பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நோட்டீஸ் ஒட்டுறவங்க பண்றதும் இதே டிஸ்ப்யூட்டதான், உண்மையான டீஃபால்ட்ட யாராலயும் அழிக்க முடியாது, தயவு செஞ்சு அவங்ககிட்ட ஓடிபி குடுக்காதீங்க.

இன்னொரு ரகம் இருக்கு, கடனே வாங்காதவங்க. இவங்க ரிப்போர்ட்ல மைனஸ் ஒண்ணுன்னோ என்எச்ன்னோ இருக்கும், அது கெட்ட ஸ்கோர் இல்ல, வரலாறே இல்லன்னு அர்த்தம். மொதல் தடவை கடன் வாங்க வர்றவங்கள வரலாறு இல்லங்கற ஒரே காரணத்துக்காக திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்லயும் நிதித்துறை இணை அமைச்சர் இதையே சொன்னாரு. மேனேஜர் இழுத்தா இத மரியாதையா ஞாபகப்படுத்தலாம். ஆனா இது வரலாறு இல்லாதவங்களுக்குதான், வரலாறு கெட்டுப்போனவங்களுக்கு இல்ல, ரெண்டையும் குழப்பி நிறைய வீடியோ சுத்திட்டு இருக்கு.

இப்ப காசுக் கணக்குக்கு வருவோம். 20 லட்சம் கடன், 20 வருஷம். எட்டரை பெர்சன்ட்ல கிடைச்சா ஈஎம்ஐ 17,356 ரூபா. பதிமூணு பெர்சன்ட்ல கிடைச்சா 23,432 ரூபா. மாசம் ஆறாயிரம்தானே, ஓவர்டைம் பார்த்துக் கட்டிரலாம்னு தோணும். முழு காலத்துக்கும் கூட்டினா வித்தியாசம் பதினாலரை லட்சத்துக்கு மேல. மொதல் மாச ஈஎம்ஐயப் பிரிச்சுப் பார்த்தா இன்னும் நல்லா புரியும்: எட்டரைல வட்டிக்கு 14,167 போய் அசல்ல 3,189 கழியும், பதிமூணுல வட்டிக்கு மட்டும் 21,667 போய் அசல்ல வெறும் 1,765 கழியும். அதிகமா கட்டுறவருக்குதான் அசல் கம்மியா குறையுது.

அதோட முடியல. ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்குமான கடனுக்கு வீட்டு மதிப்புல 90 சதவீதம் வரை, 30ல இருந்து 75 லட்சம் வரைக்குமான கடனுக்கு 80 சதவீதம் வரை குடுக்கலாம். குடுக்கலாம்னுதான் விதி, குடுத்தே ஆகணும்னு இல்ல, ஸ்கோர் கம்மியா இருந்தா இதையும் குறைப்பாங்க. 40 லட்சத்துக்கு ஒரு தனி வீடுன்னா 80 சதவீதம் கிடைச்சா நம்ம கைல இருந்து 8 லட்சம், 65 சதவீதம்தான்னு சொல்லிட்டா 14 லட்சம். பத்திரச் செலவு தமிழ்நாட்டுல முத்திரைத்தாள் 7, பதிவு 2ன்னு மொத்தம் 9 சதவீதம், அது ஒரு 3.6 லட்சம், இது லோன்ல வராது. ஆக 11.6 லட்சம் ரெடி பண்ணினவரு திடீர்னு 17.6 லட்சத்துக்கு ஓடணும். அந்த ஆறு லட்சத்துக்குத்தான் ஊர்ல வட்டிக்கு வாங்குறது, வீட்டு நகைய வைக்கிறது, பர்சனல் லோன் போடுறது எல்லாம் நடக்கும், அந்த டியூவும் சேர்ந்து சம்பளத்துல பாதிய தாண்டிருச்சுன்னா வீட்டு லோனே குறையும். தொடர்ந்து 90 நாள் கட்டலன்னா சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு கோர்ட்டுக்குப் போகாமலே வீட்ட எடுக்குற அதிகாரம் கடன் குடுத்தவங்களுக்கு இருக்கு.

பேங்க் இல்லன்னு சொன்னா ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் இருக்கு. இவங்கள ஒட்டுமொத்தமா கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ், ஆப்டஸ் மாதிரி சென்னைலயே இருக்குற கம்பெனிகள் சொந்தத் தொழில் பண்றவங்க, சம்பள ஸ்லிப் இல்லாதவங்களுக்கு குடுத்து வளந்தவங்க. ரெப்கோவோட தாய் நிறுவனமான ரெப்கோ பேங்க்கே பர்மாலயும் இலங்கைலயும் இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த தாயகம் திரும்பியோருக்காக 1969ல ஆரம்பிச்சது. மளிகைக்கடை, டெய்லர் கடைன்னா இந்த மாதிரி இடத்துல ஆள் நேரா வந்து கடையப் பார்த்து, வியாபாரத்த விசாரிச்சு வருமானத்தக் கணிப்பாங்க. ஆனா வட்டி கூடும். அப்புறம் பேங்க்ல ஃப்ளோட்டிங் வட்டின்னா, அதாவது ஏறி இறங்குற வட்டின்னா, 2019 அக்டோபருக்கு அப்புறம் வாங்கினதெல்லாம் பெரும்பாலும் ரெப்போ ரேட்டோட (ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்குக் கடன் குடுக்குற வட்டி) கட்டியிருக்கு, அது குறைஞ்சா நம்ம வட்டியும் குறையும், இந்தக் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, அவங்க சொந்தமா ஒரு ரேட் வெச்சிருப்பாங்க, ரெப்போ குறைஞ்சாலும் அது மெதுவாத்தான் இறங்கும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இதுதான்.

வருஷ வருமானம் 9 லட்சத்துக்குள்ள இருந்து, இந்தியால எங்கயும் சொந்தமா பக்கா வீடு இல்லன்னா, 2024 செப்டம்பர்ல வந்த நகர்ப்புற பிஎம்ஏஒய் (பிரதமர் வீட்டு வசதித் திட்டம்) இரண்டாம் கட்டத்துல வட்டி மானியம் இருக்கு. வீடு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும், மொத 8 லட்சத்துக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1.80 லட்சம், அஞ்சு தவணையா வரும். மானியம் வருதுன்னு சிபில விட்டுருவாங்கன்னு நினைக்க வேண்டாம், லோன் குடுக்குறது பேங்கோட முடிவுதான்.

ஸ்கோர ஏத்துறதுக்கு ஆறு மாசம் ஒரு வருஷத்துல என்ன பண்ண முடியும்னா, மொதல்ல இப்ப ஓடுற எந்த டியூவும் ஒரு நாள் கூட தள்ளாம பார்த்துக்கணும், கார்டு லிமிட்ல முப்பது சதவீதத்துக்கு மேல தொடாம இருக்கணும், புதுசா எதுக்கும் அப்ளை பண்ணக்கூடாது, போன் ஈஎம்ஐ கூட வேண்டாம். கார்டே குடுக்க மாட்டேங்குறாங்கன்னா பேங்க்ல ஒரு எஃப்டி போட்டு அத வெச்சு கார்டு வாங்கலாம், அதுல மாசாமாசம் பெட்ரோல் மட்டும் போட்டு முழுசா கட்டிட்டு வந்தா 000 வரிசை சேர ஆரம்பிக்கும். பழைய டீஃபால்ட் மறையாது, ஆனா அதுக்கு மேல சுத்தமான மாசங்கள் அடுக்க அடுக்க அதோட பாரம் குறையும். மனைவிக்கு வேலை இருந்து அவங்க ரிப்போர்ட் நல்லா இருந்தா அவங்கள மெயின் அப்ளிகன்ட்டா போட்டு சொத்தையும் அவங்க பேர்ல வாங்கலாமான்னு பேங்க்ல கேளுங்க, சில இடத்துல வட்டியும் கொஞ்சம் குறையும். வீட்டு விலைல அஞ்சு பத்து லட்சம் குறைச்சுப் பார்க்குறதும் ஒரு வழிதான், கேக்குற கடன் சின்னதாகும்போது பேங்க் இறங்கி வரும்.

இதெல்லாம் படிக்கிறப்பவே அட்வான்ஸ் குடுத்தாச்சு, வேற வழியில்ல, அதிக வட்டிக்குத்தான் எடுத்தாகணும்னு இருக்குறவங்களுக்கு: ஃப்ளோட்டிங் வட்டியா மட்டும் எடுங்க, ஏன்னா தனிநபர் பேர்ல இருக்குற ஃப்ளோட்டிங் வீட்டு லோன முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடக்கூடாது. ரெண்டு வருஷம் ஈஎம்ஐ ஒண்ணு கூட பவுன்ஸ் ஆகாம கட்டிட்டு அந்த ஸ்டேட்மென்ட்ட எடுத்துக்கிட்டு பேங்க்ல பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்கு, அதாவது மீதிக் கடன அந்த பேங்குக்கு மாத்திக்கிறதுக்கு, கேளுங்க, ப்ராசஸிங் ஃபீஸ், புதுசா போடுற எம்ஓடி (பத்திரத்த அடமானமா வெச்சதுக்கான ஆவணம்) பதிவுச் செலவு எல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் வட்டி ரெண்டு மூணு பெர்சன்ட் இறங்குச்சுன்னா லாபம்தான். பழைய கடன அடைச்ச 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்த அந்தக் கம்பெனி விடுவிச்சாகணும், அவங்க தப்பால லேட் ஆச்சுன்னா ஒரு நாளைக்கு 5,000 ரூபா அவங்க தரணும், இது 2023 செப்டம்பர் உத்தரவு. மாறப்போறோம்னு தெரிஞ்சதும் பழைய கம்பெனியே வட்டியக் குறைக்கிறேன்னு கூப்பிடுவாங்க, அந்தக் குறைச்ச ரேட்ட மெயில்ல அனுப்பச் சொல்லி வாங்கி வெச்சுக்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.